உங்கை மழையோ?



சென்ற மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் அழைத்தார். எழுபது வயதைத் தாண்டிய குரல். "தம்பி, உங்கை மழையோ?" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். சென்னையில் அன்று விடாத மழை. "அங்கே மழையா" என்று கேட்டிருந்தால் ஊர் நிலவரம் விசாரிக்கிறார் என்று நினைத்திருப்பேன். 'உங்கை' என்றதும் என் ஜன்னலோரம் வந்து நின்று கேட்டது போல இருந்தது.

என்னிடம் இருப்பது இது. நம் இருவருக்கும் எட்டத்தில் இருப்பது அது. உங்கள் பக்கம் இருப்பது உது; நீங்கள் இருக்கும் இடம் உங்கை. அ, இ, உ மூன்றையுமே சுட்டு என்கிறது தொல்காப்பியம். தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு எப்போதோ உதிர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்து வீடுகளில் அது இன்றும் அடுப்படி வரை புழங்குகிறது. "உந்தப் புத்தகத்தை எடுங்கோ" என்றால், உங்கள் கைக்குப் பக்கத்தில் இருக்கும் புத்தகம். "உது சரிவராது" என்றால், நீங்கள் இப்போது சொன்ன யோசனை சரிவராது. சொல்லி முடித்த பிறகும் அந்த யோசனை உங்களுடையதாகவே இருக்கிறது பாருங்கள்! மறுக்கும்போதுகூட எதிரில் இருப்பவருக்கு ஓர் இடம் வைத்துப் பேசுகிற மொழி இது. ஜப்பானியரும் கோரே, சோரே, அரே என்று மூன்று வைத்திருக்கிறார்கள். அவற்றில் சோரே ஏறக்குறைய நம் உதுதான்.

இரண்டே சுட்டு மிஞ்சிய நம் பக்கத்திலும் உறவு அவற்றுக்குள் தெரியாமல் இல்லை. கணவர் வெளியூரில் இருப்பார். மனைவி நம்மிடம் "இவங்க நேத்தே சொன்னாங்க" என்பார். சண்டை வந்த நாளில், அதே கணவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே "அந்த மனுஷன்கிட்ட கேளுங்க" என்று வரும். ஊர் தள்ளி இருப்பவர் 'இவங்க', நாலடியில் இருப்பவர் 'அந்த மனுஷன்'. இதைக் கேட்கிற யாருக்கும் அந்த வீட்டின் அன்றைய நிலை விளங்கிவிடும்.

உதுவை இழந்தது நமக்குப் பெரிய நஷ்டம் என்றே நினைக்கிறேன். தொலைபேசியிலேயே பாதி உறவை நடத்துகிற இந்தக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

உங்கள் வீட்டில் யாராவது உது, உவர், உந்த என்று பேசக் கேட்டிருந்தால், யார் யாரிடம் எப்போது சொன்னது என்று குறித்து, அந்தப் பேச்சை அப்படியே எழுதி அனுப்புங்கள். ஓர் எழுத்தும் திருத்தாமல் அச்சிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்