கேள்வி கேட்போராகவும் நாம் ஆக வேண்டும்

புகலிட நாடுகளுக்கு வந்த நாள் முதலாக எமது மக்கள் விடையளிப்போராகவே இருந்து வருகின்றனர். குடிவரவு அதிகாரி கேட்கிறார், சட்டத்தரணி கேட்கிறார், சமூகநலக் காரியாலயத்திலும் வைத்தியசாலையிலும் கேட்கின்றனர். பெயர், ஊர், வந்த வழி, உடலிலுள்ள தழும்பு, இரவில் வரும் கனவு என எதுவும் படிவங்களுக்கு வெளியே நிற்பதில்லை. ஆயினும் அப்படிவத்தில் எந்தக் கேள்வி இடம்பெற வேண்டும், பெற்ற விடைக்கு என்ன பொருள், அதைக் கொண்டு எந்தச் சேவையை ஏற்படுத்த வேண்டும் என்று தீர்மானிக்கும் மேசையில் எம்மவரைக் காண்பது அரிது.

இந்நிலையை மாற்றக்கூடிய வழியொன்று இன்று திறந்திருக்கிறது. சமூகத்தின் சாதாரண உறுப்பினர்களுக்கு ஆய்வுமுறைகளைப் பயிற்றுவித்து, அவர்களையே தம் சமூகத்தின் சுகாதார ஆய்வுகளில் பங்காளராக்கும் முறை கனடாவில் நன்கு வேரூன்றியுள்ளது. ரொறன்ரோவிலுள்ள அக்சஸ் அலயன்ஸ் என்னும் சமூக சுகாதார நிலையம் புதிதாகக் குடிவந்தோரைச் சக ஆய்வாளர்களாகப் பயிற்றி ஆய்வுகளை நடத்தியிருக்கிறது. பல்கலைக்கழகங்களும் வைத்தியசாலைகளும் இவ்வாறே ஆட்களைத் தேடுகின்றன. அத்தகைய அழைப்பு வரும்போது எம்மவர் தயங்காது முன்வர வேண்டும்; நிபந்தனைகளை அறிந்து முன்வர வேண்டும். நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது இதுவே.

ஆய்வு என்பது பட்டதாரிகளின் ஏட்டுச் சுரைக்காய் என எண்ணுவோர் ஒரு சான்றைக் கருத வேண்டும். உயரத்துக்கேற்ற நிறையைக் கணிக்கும் சுட்டெண் 25ஐத் தாண்டினாலே ஒருவர் அளவுக்கு மிஞ்சிய நிறையுடையவர் என்பது உலகெங்கும் வழங்கிய விதி. தென்னாசியர் அதற்குக் குறைந்த நிறையிலேயே நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் ஆளாகின்றனர் என்பதை ஆய்வுகள் காட்டின. அதன் பின்னரே, 2004இல், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவினர் ஆசிய மக்களுக்கு 23ஐ எச்சரிக்கை எல்லையாக முன்வைத்தனர். எம் போன்றோரை அளந்து பார்க்காதவரை, எம்மிற் பலரது ஆபத்து "இயல்பு நிலை" என்றே ஏட்டில் பதியப்பட்டு வந்தது.

உளநலத்திலோ நிலைமை இன்னும் கடினமானது. ரொறன்ரோத் தமிழரிடையே மோர்டன் பைசரும் அவரது குழுவினரும் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு, நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் 12 சதவீதமானோரிடம் இருப்பதாகக் கண்டது. அவர்களுள் சிகிச்சை பெற்றவர் பத்தில் ஒருவரே. ஏனையோர் எங்கே போயினர்? வீட்டுக்குள் இருந்தனர், இரட்டை வேலை செய்தனர், தலையிடிக்கு மாத்திரை வாங்கினர். "மனச்சோர்வு உண்டா?" எனக் கேட்டால் இல்லையென்று தலையசைக்கும் தாயொருவர், "யோசினை கூடிப்போச்சு, நித்திரை இல்லை, நெஞ்சு பாரமாக் கிடக்கு" என்று தாமாகவே சொல்வார். இவ்விரண்டும் ஒன்றையே குறிக்கக்கூடும் என்பதை அகராதி வைத்து மொழிபெயர்ப்பவர் அறியார். அந்தத் தாயின் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஒருவர் கேள்விகளை ஆக்கும் இடத்தில் இருந்தால் மட்டுமே அது படிவத்தில் ஏறும்.

எம்மவர் தயங்குவதற்கும் காரணம் உண்டு. முன்பு சொன்னதற்கும் பின்பு சொன்னதற்கும் சிறு முரண் இருந்ததால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டோர் எம்மிடையே உள்ளனர். அவர்களுக்குக் கேள்வித்தாள் என்றாலே விசாரணைதான். ஆய்வுலகின் வரலாறும் கறைபடியாததன்று. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சுமார் 600 கறுப்பின ஆண்கள் ஆய்வொன்றில் வைத்திருக்கப்பட்டனர். அவர்களுள் சிபிலிஸ் கண்டிருந்தோருக்கு, பெனிசிலின் கிடைக்கத் தொடங்கிய பின்னரும், சிகிச்சை வழங்காது நோயின் போக்கை மட்டும் பதிவுசெய்தனர். அந்தக் கொடுமை வெளிப்பட்டதை அடுத்தே ஆய்வு அறநெறிகள் இறுக்கப்பட்டன. கனடாவின் மூன்று ஆய்வுச் சபைகளும் 1998இல் பொதுவான அறநெறிக் கொள்கையொன்றை வெளியிட்டன. பங்குபற்றுவோர் விளங்கிக்கொண்டு சம்மதிக்க வேண்டும், விரும்பாத கேள்விக்கு விடை மறுக்கலாம், இடையில் விலகலாம், விலகியதற்காக எச்சேவையையும் இழக்கலாகாது. இவ்வுரிமைகளை எமது மொழியில் எமது மக்களுக்கு எடுத்துரைப்பவரும் பயிற்சி பெற்ற எம்மவராகவே இருத்தல் நன்று.

சமூகம் ஆய்வின் உரிமையாளராகவும் இருக்க முடியும் என்பதற்கு மொன்றியலுக்கு அருகிலுள்ள கானவாகே சான்றாகும். அங்கு வாழும் மோஹாக் மக்களிடையே நீரிழிவு மிகுந்திருப்பதை உள்ளூர் வைத்தியர்கள் கண்டறிந்து சொன்னபோது, ஏதேனும் செய்யுங்கள் என அம்மக்கள் வற்புறுத்தினர். 1994இல் பாடசாலைகளில் தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. சமூகம், சமூக ஆய்வாளர், பல்கலைக்கழக ஆய்வாளர் ஆகிய முத்தரப்பினரின் கடமைகளையும் உரிமைகளையும் வரையறுத்து ஆய்வு நெறிக்கோவையொன்றும் எழுதப்பட்டது. முடிவுகள் வெளியுலகுக்குப் போகுமுன் அம்மக்களிடம் வர வேண்டும் என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. அவர்களிடம் நாம் கற்க வேண்டியது ஏராளம்.

பயிற்சிக்குச் சேர விழைவோர் முதலிற் சில கேள்விகளைத் தாமே கேட்கட்டும். ஆய்வுக்குப் பணம் தருவோர் யார்? அறநெறிக் குழுவின் அனுமதி உண்டா? திரட்டிய தகவல் யார் கையில், எவ்வளவு காலம் இருக்கும்? முடிவுகள் தமிழில் எமது மக்களுக்குச் சொல்லப்படுமா? உழைப்புக்கு ஊதியம் உண்டா, அன்றேல் தொண்டு என்ற பெயரில் இலவச மொழிபெயர்ப்பா? அகதிக் கோரிக்கை முடிவாகாதோரும் அரச உதவிப்பணம் பெறுவோரும், ஊதியத்தை ஏற்குமுன் வேலை அனுமதி பற்றியும் வருமானத்தை அறிவிக்கும் கடமை பற்றியும் தமது சட்டத்தரணியிடம் கேட்டறிதல் வேண்டும்.

இவற்றுக்கும் மேலான கடமையொன்று எம்மவரின் தலையிலேயே உள்ளது. எமது சமூகம் சிறியது. எந்த ஊர், யாருடைய பிள்ளை என்ற இரண்டு கேள்விகளில் ஒருவரின் குடும்பம் முழுவதும் தெரிந்துவிடும். ஆய்வறையிற் கேட்டது கலியாண வீட்டில் கதையாகுமானால், அதன் பின் எந்தப் பெண்ணும் வீட்டில் படும் அடியைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். இரகசியம் பேணல் பயிற்சியின் ஒரு பாடம் மட்டுமன்று. அதுவே அதன் உயிர். பிள்ளையொன்று துன்புறுத்தப்படுவதை அறிந்தால் அதை அறிவித்தே ஆக வேண்டும் என்பது போன்ற சட்ட எல்லைகளையும் பேட்டிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

தாயகத்தில் தாதியராகவும் ஆசிரியராகவும் இருந்து இங்கு தொழிற்சாலைகளில் நிற்போரே, இரு மொழியிலும் தேர்ந்த இளையோரே, குறிப்பாகப் பெண்களே, இது உங்களுக்கான பணி. கனடாவின் ஆய்வு அறநெறிப் பாடநெறி கணினி வழியே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது; அதிலிருந்தே தொடங்கலாம். எமது பொது அமைப்புகளும் விழாக்களுக்குச் செலவிடும் பணத்தில் சிறு பங்கை, பயிற்சிக்குச் செல்வோரின் பயணச் செலவுக்கும் பிள்ளைப் பராமரிப்புக்கும் ஒதுக்கட்டும். எமது நோயை எமது சொல்லிற் பதிவுசெய்ய எவரும் முன்வராவிடின், பிறர் சொல்லில் எழுதப்பட்ட மருந்தையே நாம் தொடர்ந்து வாங்க நேரிடும்.