மணலில் ட்ரெய்லர்: எடை, காற்று, நேரம்

ஆண்டிறுதி விடுமுறைக்கு ஆஸ்திரேலியா செல்லும் நம் குடும்பங்களில் பல, பெர்த்தில் உறவினர் வீடு, சிட்னியில் துறைமுகம், மெல்பர்னில் கடலோரச் சாலை என்று பார்த்துவிட்டுத் திரும்பும். இளையவர்களுக்கு இப்போது அது போதவில்லை. ஃபோர் வீல் டிரைவ் வாகனம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பின்னால் கேம்ப்பர் ட்ரெய்லரை மாட்டி, கடற்கரை மணலிலேயே ஓட்டிச் சென்று, அலையோசை கேட்கும் தூரத்தில் தூங்க வேண்டும் என்கிறார்கள். நல்ல ஆசைதான். அங்கும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் சாலை பழகியதாகவே இருக்கும். மணல் அப்படி இல்லை.

கேம்ப்பர் ட்ரெய்லர் என்பது மடித்து வைத்த கூடாரம், மெத்தை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய இழுவை வண்டி. கேரவனைவிடச் சிறியது. கரடுமுரடான பாதைக்கென்றே தரையிலிருந்து உயர்த்தி, வலுவான சட்டத்தோடு செய்யப்படும் வகையும் உண்டு. மணலுக்குப் போவதானால் அந்த வகைதான் வேண்டும்.

இத்தகைய பயணத்துக்குப் பெயர்போன இடம் குவீன்ஸ்லாந்தின் கர்ரி தீவு. ஃபிரேசர் தீவு என்றே நெடுங்காலம் அழைக்கப்பட்டது. பூர்வகுடிகளான புச்சுல்லா மக்கள் வழங்கிய பழைய பெயர் 2023 ஜூன் மாதம் அதிகாரபூர்வமாகத் திரும்பியது. ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் வரும் ‘கே’ எழுத்து ஒலிக்காது. உலகின் ஆகப் பெரிய மணல் தீவு இது. 1992 முதல் உலக மரபுடைமைத் தலம். அதன் கிழக்குக் கரையில் நீளும் ‘75 மைல் கடற்கரை’ சட்டப்படி ஒரு நெடுஞ்சாலை. வேக வரம்பு உண்டு, காவலர் சோதனை உண்டு. சிறு விமானங்களும் அதே மணலில் இறங்கி ஏறும்; அவற்றுக்கு வழிவிட வேண்டும்.

அந்தக் கரையில் மஹேனோ என்ற பழைய கப்பல் துருப்பிடித்துக் கிடக்கிறது. பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் இடம். 1935-ல் உடைப்பதற்காக அதை ஜப்பானுக்கு இன்னொரு கப்பல் இழுத்துச் சென்றபோது புயலில் இழுவைக் கயிறு அறுந்து, இங்கே கரை ஒதுங்கியது. இழுவை என்பது பலத்தை மட்டும் நம்பிச் செய்யும் வேலையல்ல என்பதற்கு அதைவிடப் பெரிய அறிவிப்புப் பலகை தேவையில்லை. மணலிலும் அப்படித்தான். எத்தனை குதிரைத்திறன் என்பதைவிட எடை, காற்று, நேரம் ஆகிய மூன்றும்தான் பயணத்தைத் தீர்மானிக்கின்றன. மூன்றையும் மணலில் கால்வைக்கும் முன்பே சரிசெய்துவிடலாம்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டி ஓட்டிய நம் தாத்தாக்களுக்கு இது பாலபாடம். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நசுங்கும். ட்ரெய்லருக்கும் இதே கணக்குதான். நிறைபாரத்தில் சுமார் 10 விழுக்காடு வாகனத்தின் இணைப்புக் குமிழ்மீது அமர வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. அதற்கு மிகக் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் ட்ரெய்லர் பாம்புபோல நெளியத் தொடங்கும். அதிகமானால் வாகனத்தின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்கள் பிடிமானம் இழக்கும்.

பலர் கவனிக்காத கணக்கு ஒன்று இருக்கிறது. 1,500 கிலோ ட்ரெய்லர் குமிழ்மீது வைக்கும் 150 கிலோ, வாகனம் சுமக்கும் பாரத்திலும் சேரும். வாகனத்தின் சுமைத்திறன் 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குமிழ் பாரம் போக 550. அப்பா, அம்மா, பதின்ம வயதுப் பிள்ளைகள் இருவர் சேர்ந்து 260 என்றால் மீதி 290. குளிர்பெட்டி, கருவிகள், துணிமணி, சமையல் சாமான், கூடுதல் டீசல் என்று ஏற்றினால் அது நொடியில் கரையும். ‘3,500 கிலோ இழுக்கும்’ என்ற விளம்பர வாசகம் இந்தக் கழித்தலைச் செய்து காட்டுவதில்லை.

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. தொட்டியில் 100 லிட்டர் இருந்தால் ஒரு பெரியவரைக் கூடுதலாக ஏற்றியதற்குச் சமம். கனமான பொருள்களை அச்சுக்கு அருகிலும் தாழ்வாகவும் வையுங்கள். ட்ரெய்லரின் நிறைபாரம் 750 கிலோவைத் தாண்டினால் அதற்குத் தனி பிரேக் வேண்டும் என்பது ஆஸ்திரேலியச் சட்டம். 2,000 கிலோவைத் தாண்டினால், இணைப்பு அறுந்தாலும் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக்கும் கட்டாயம்.

காற்றை இறக்குங்கள்

மணலில் புதைந்தவர்களைப் பார்த்தால் அவர்களில் பலர் சாலைக்குரிய காற்றோடு வந்தவர்களாக இருப்பார்கள். நம் பெட்ரோல் நிலையங்களில் 220, 250 என்று கிலோபாஸ்கலில் அடிக்கிறோம் அல்லவா? மணலில் அதை ஏறக்குறைய பாதியாக்க வேண்டும். 18 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 125 கிலோபாஸ்கலில் தொடங்குவது வழக்கம். காற்று குறைந்த டயர் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் படியும். அதே எடை பெரிய பரப்பில் பரவுவதால், சக்கரம் மணலை வெட்டாமல் மேலே மிதந்து செல்லும்.

ட்ரெய்லர் டயர்களிலும் இறக்க வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம். வாகனத்தின் சக்கரங்களாவது சுழன்று உந்தும். ட்ரெய்லர் சக்கரங்களுக்கு அந்த வேலை இல்லை. அவை புதைந்தால் ஏர்போல உழுதுகொண்டே பின்னால் இழுக்கும். வாகனத்தின் சக்கர இடைவெளியும் ட்ரெய்லருடையதும் ஒன்றாக இருந்தால் பாதி உழைப்பு மிச்சம். முன்சென்ற சக்கரம் அழுத்திய தடத்திலேயே பின்சக்கரமும் உருளும்.

காற்று குறைந்த டயரில் வேகமும் குறைய வேண்டும். கர்ரி தீவின் கிழக்குக் கரையில் வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர் வரை இருக்கலாம். ட்ரெய்லரோடு அதைத் தொட வேண்டிய அவசியமில்லை. சட்டென்று திருப்பினால் டயர் விளிம்பிலிருந்தே கழன்றுவிடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் முதல் வேலை மீண்டும் காற்றடிப்பது. அதற்கு ஒரு சிறு காற்றழுத்தியும் நம்பகமான அளவுமானியும் கையில் இருக்க வேண்டும்.

கடலின் நேரம்

நெடுஞ்சாலையாக இருந்தாலும் அது ஒரு நாளைக்கு இருமுறை கடலுக்குள் போகும் சாலை. அலை ஏறும்போது கெட்டியான ஈரமணல் மறைந்துவிடும். மேலே மிஞ்சுவது காய்ந்த, இளகிய மணல் மட்டுமே. அதனால் உயர் அலைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டாம் என்பது அங்குள்ள பூங்காத்துறையின் அறிவுரை. அலை அட்டவணையைப் பார்த்துப் பயணத்தை வகுங்கள். விமானம் இறங்கும் நேரத்தைப் பார்த்து அல்ல. வாகன அனுமதியும் தங்கும் அனுமதியும் முன்கூட்டியே வாங்க வேண்டும்.

மணல் தொடங்கும் இடத்திலேயே கவனம் வேண்டும். தீவுக்கு வாகனங்களை ஏற்றும் தட்டைப்படகு இன்ஸ்கிப் முனையிலிருந்து புறப்படுகிறது. கடல் தாண்டும் நேரம் பத்து நிமிடம்தான். படகுக்குப் போகும் மணல் மிக இளகியது. தீவைப் பார்க்கும் முன்பே அங்கு புதைபவர்கள் உண்டு.

ஓட்டும் கை

செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றிய டிராக்டரை மழைக்காலச் சேற்றில் ஓட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: நின்றால் போச்சு. மணலிலும் அதுதான். சீரான உந்துவேகம் வேண்டும்; அவசரம் கூடாது. பிரேக்கை அழுத்தினால் சக்கரத்தின் முன்னால் மணல் மேடு குவியும், பிறகு அதையே ஏற வேண்டும். காலை எடுத்துவிட்டு, தானாக உருண்டு நிற்கவிடுங்கள். நிற்பதும் கெட்டி மணலில், சற்றே இறக்கமான பக்கம் பார்த்து. திருப்பம் அகலமாக இருக்கட்டும், ட்ரெய்லர் எப்போதும் உள்பக்கம் ஒடித்துக்கொண்டுதான் வரும். கடலுக்கு ஓடும் சிற்றோடைகள் மணலில் படிபோல வெட்டியிருக்கும். தூரத்திலிருந்து அது தெரியாது. வேகத்தை முன்பே குறையுங்கள்.

புதைந்துவிட்டால்

வண்டி முன்னேறாத அந்த நொடியே காலை எடுங்கள். மேலும் மிதித்தால் சக்கரம் தோண்டும், வண்டியின் வயிறு மணலில் அமரும். இறங்கி, சக்கரங்களின் முன்னாலும் அடியிலும் மணலை வாருங்கள். எல்லா டயரிலும் இன்னும் சில பிஎஸ்ஐ இறக்குங்கள். மணல் பலகைகளைச் சக்கரத்தோடு ஒட்டச் செருகி, மெல்ல ஏற்றுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ட்ரெய்லரைக் கழற்றுங்கள். வாகனத்தைக் கெட்டி மணலுக்குக் கொண்டுபோய், பின்னர் ட்ரெய்லரை வெளியே இழுப்பது எளிது.

இன்னொரு வாகனம் உதவிக்கு வந்தால், கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. இழுவைப் பட்டையை இணைப்புக் குமிழில் மாட்டவே கூடாது. அந்தக் குமிழ் சீராக இழுப்பதற்குச் செய்யப்பட்டது. வெடுக்கென்ற இழுப்பைத் தாங்காது. முறிந்தால் குண்டுபோலப் பாய்ந்து கண்ணாடியைத் துளைக்கும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. சட்டத்தில் பொருத்தப்பட்ட, தாங்கும் எடை குறிக்கப்பட்ட மீட்புக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். பட்டை இழுபடும்போது பிள்ளைகள் உட்பட எல்லோரும் ஓரமாக, நன்கு தள்ளி நிற்க வேண்டும். உதவ வந்தவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், குமிழில் மாட்டினால் “வேண்டாம்” என்று சொல்லத் தயங்காதீர்கள். வெளியூரில் வந்து உதவுபவரிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம் அங்கே வேண்டாம்.

கொண்டுபோகத்தான் வேண்டுமா?

கடைசியாக ஒரு கேள்வி. இழுக்க முடியும் என்பதாலேயே இழுத்துச் செல்ல வேண்டுமா? வாடகை வாகனமாயின் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். கடற்கரை மணல், உப்புநீர், ட்ரெய்லர் இழுத்தல் மூன்றையும் விலக்கும் ஒப்பந்தங்கள் ஏராளம். அனுமதி உண்டென்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். மலேசிய உரிமம் வைத்திருப்பவர்கள் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்வது நல்லது.

முதல் பயணத்துக்கு என் பரிந்துரை இது: ட்ரெய்லரை இன்ஸ்கிப் முகாமிடத்திலேயே நிறுத்திக் கூடாரம் போடுங்கள். தீவுக்கு வாகனத்தை மட்டும் கொண்டு சென்று, தாழ் அலையில் போய், அலை ஏறும் முன் திரும்புங்கள். அங்குள்ள டிங்கோ காட்டுநாய்கள் அழகாக இருக்கும், ஆனால் பழகியவை அல்ல. சாப்பாட்டைப் பூட்டி வையுங்கள், பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மணல் கைவசமான பிறகு அடுத்த முறை ட்ரெய்லரையும் அழைத்துச் செல்லலாம்.

எப்படிப் போனாலும் திரும்பியதும் அடிப்பாகம் முழுவதையும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். மஹேனோவை அரித்துக்கொண்டிருக்கும் அதே உப்புதான் உங்கள் வாடகை வண்டியின் அடியிலும் ஒட்டியிருக்கும்.