ஒத்தைக்கு ஒத்தை போக்கர்: சின்னக் காசுக்காரனுக்கு வைக்கிற ஆப்பு

டிஸ்கி: சீட்டாட்டம் பாவம்னு சொல்ற அறிவுரைப் பதிவு இல்லை இது. அதைச் சொல்ல உங்க வீட்டுலயே ஆள் இருப்பாங்க. இது வெறும் கணக்குப் பதிவு. பி.காம் படிக்கிறவனுக்கு வேற என்ன தெரியும் :)

போன வாரம் மெஸ்ல சாப்பிட்டுட்டு இருந்தப்போ ஜூனியர் பையன் ஒருத்தன் தட்டோட பக்கத்துல வந்து உட்கார்ந்தான். "அண்ணே, ஆறு பேர் டேபிள்ல ஆடி போரடிக்குது. ஹெட்ஸ்-அப் மாறலாம்னு இருக்கேன். வெளிநாட்டு ஆப் ஒண்ணு இருக்காம், ஏஜென்ட் மூலமா காசு போட்டுக்கலாமாம்"னான். சாம்பார்ல கை வெச்சபடி அவனைத் திட்டினேன். அவன் அமைதியா கேட்டான்: "நீங்க மட்டும் ஆடலையாண்ணே?"

ஆடினேன். அதனாலதான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்காக ஒரு பத்தி. போக்கர் டேபிள்ல வழக்கமா ஆறு பேரோ ஒன்பது பேரோ உட்காருவாங்க. ரெண்டே பேர் மட்டும் மோதினா அது ஹெட்ஸ்-அப். சீட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே கட்டியாகணும்னு ஒரு கட்டாயப் பணம் உண்டு. அதுக்குப் பேர் ப்ளைண்ட். 5/10 டேபிள்னா ஒருத்தர் 5 ரூபாய், அடுத்தவர் 10 ரூபாய். ஒவ்வொரு பெரிய பாட்டிலிருந்தும் ஆட்டம் நடத்துறவன் எடுத்துக்கிற கமிஷனுக்குப் பேர் ரேக். இந்த ரெண்டு வார்த்தை போதும், மீதி எல்லாம் புரிஞ்சிடும்.

2024 நவம்பர்ல என்னை ஹெட்ஸ்-அப்புக்கு மாத்தின அண்ணன் மூணு காரணம் சொன்னார். இந்த ஜூனியர்கிட்ட யாரோ சொல்லியிருக்கறதும் அதே மூணுதான். ஒண்ணு, நல்ல சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். ரெண்டு, இது முழுக்க முழுக்கத் திறமை. மூணு, சரியா ஆடத் தெரியாத ஒருத்தன் மாட்டினா, பங்குக்கு ஆள் இல்லாம தனியாக் கறக்கலாம். மூணுமே உண்மைதான். மூணுமே சின்னக் காசுக்காரனுக்கு எதிரான உண்மை. இதுதான் என் வாதம்.

முதல் காரணத்தை எடுத்துக்குவோம். ஆறு பேர் டேபிள்ல ஆறு ஹேண்டுக்கு ஒரு தடவை 5, ஒரு தடவை 10 கட்டுவீங்க. சராசரி ஒரு ஹேண்டுக்கு 2 ரூபாய் 50 காசு. ஹெட்ஸ்-அப்ல ரெண்டு ஹேண்டுக்கு 15 ரூபாய், அதாவது ஹேண்டுக்கு 7 ரூபாய் 50 காசு. மூணு மடங்கு. இவ்வளவு வாடகை கட்டிட்டு சும்மா உட்கார முடியாது. அதனால ஆறு பேர் டேபிள்ல நாலுல ஒரு ஹேண்ட் ஆடிட்டிருந்த ஒழுங்கான பையன், இங்கே வந்ததும் கையில கிடைச்ச குப்பைச் சீட்டை எல்லாம் ஆட வேண்டியிருக்கும். "காத்திருக்க வேண்டாம்"னு சொல்றாங்களே, காத்திருக்க விடமாட்டாங்கங்கறதுதான் அதோட அர்த்தம். புதுசா ஆடுறவன்கிட்ட இருக்கிற ஒரே நல்ல ஆயுதம் பொறுமை. அதை வாசல்லயே வாங்கி வெச்சுக்கறாங்க.

இப்போ ரேக். என் ஆட்டத்தை வெச்சே சொல்றேன். ஒரு மணி நேரத்துக்குத் தோராயமா 200 ஹேண்ட் போகும். அதுல பாதி, அதாவது 100 ஹேண்ட், கமிஷன் பிடிக்கிற அளவுக்கு நீளும். சராசரி பாட் 60 ரூபாய், ரேக் 5 சதவீதம்னு வைங்க. ஒரு பாட்டுக்கு 3 ரூபாய். மூணு ரூபாய் தானேன்னு தோணும். ஒரு மணிக்கு 300 ரூபாய் ஆச்சே!

ரெண்டு பேரும் ஆளுக்கு 1,000 ரூபாயோட உட்கார்றாங்க, ரெண்டு பேரும் சம பலம்னு வெச்சுக்குவோம். டேபிள்ல மொத்தம் 2,000. மணிக்கு 300 வெளியே போகுது. ஏழு மணி நேரத்துக்குள்ள மொத்தக் காசும் காலி. யாரும் தப்பா ஆடலை, யாரும் யாரையும் ஜெயிக்கலை, ரெண்டு பேர் பாக்கெட்டும் காலி. ஆறு பேர் டேபிள்லயும் ரேக் உண்டுதான், ஆனா அங்கே பாட் கட்டறவங்க ஆறு பேர். இங்கே மொத்தப் பாரமும் ரெண்டு தோள்ல.

இன்னொரு விஷயம். ரேக்குக்குப் பெரும்பாலும் ஒரு உச்சவரம்பு இருக்கும். லட்சத்துல ஆடுறவன் அந்த வரம்பை சீக்கிரமே தொட்டுடுவான், அதுக்கு மேல பாட் எவ்வளவு வளர்ந்தாலும் கமிஷன் வளராது. 60 ரூபாய் பாட் அந்த வரம்புக்குக் கிட்டவே போகாது. பெரிய காசுக்காரனுக்கு ரேக் கொசுக்கடி, நமக்கு ரத்ததானம். பெரிய ஆட்டக்காரங்க பேட்டியில "ஹெட்ஸ்-அப்தான் அசல் போக்கர்"னு சொல்றதைக் கேட்டு நாம மாறினா, அவங்க கட்டாத வாடகையை நாம கட்டுறோம்னு அர்த்தம்.

ரெண்டாவது காரணம், திறமை. இதை நான் மறுக்கவே இல்லை. 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றமே ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுன்னு சொல்லி, தமிழ்நாடு சட்டத்துல அந்த ரெண்டையும் சூதாட்டப் பட்டியல்ல சேர்த்திருந்த பகுதியை ரத்து பண்ணுச்சு. சரி, திறமைதான். ஆனா கேள்வி "திறமையா, அதிர்ஷ்டமா"ங்கறது இல்லை. "யாரோட திறமை"ங்கறதுதான் கேள்வி.

2020 நவம்பர்லேர்ந்து 2021 பிப்ரவரி வரைக்கும் டக் போல்க்கும் டேனியல் நெக்ரானுவும் 25,000 ஹேண்ட் ஹெட்ஸ்-அப் மோதினாங்க. நெக்ரானு அப்பவே உலகப் போக்கர் தொடர்ல ஆறு தடவை பட்டம் வாங்கின ஆள். போல்க் ஹெட்ஸ்-அப்லயே ஊறின ஆள். முடிவுல நெக்ரானுவுக்குச் சுமார் 12 லட்சம் டாலர் நஷ்டம். பல பேர் டேபிள்ல உலக சாம்பியனா இருந்தாலும் ஒத்தைக்கு ஒத்தை வேற ஆட்டம்னு அவருக்கே பாடம் நடந்திருக்கு. நானும் நீங்களும் 5/10 டேபிள்ல ஒரு மாசம் லாபத்துல இருந்தோம்னு மாறப் போறோமாம்.

இது பத்தாதுன்னு மெஷின் வேற. 2015 ஜனவரியிலயே கனடாவுல ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்துக்காரங்க, லிமிட் வகை ஹெட்ஸ்-அப் போக்கரைக் கிட்டத்தட்ட முழுசாத் தீர்த்துட்டோம்னு அறிவிச்சாங்க. 2017 ஜனவரியில பிட்ஸ்பர்க்ல லிப்ராட்டஸ்ங்கற புரோகிராம் நாலு தொழில்முறை ஆட்டக்காரங்களோட 20 நாள், 1,20,000 ஹேண்ட் ஆடி, 17 லட்சம் டாலருக்கு மேல மதிப்புள்ள சிப்ஸ் வித்தியாசத்துல ஜெயிச்சுது. கவனிங்க, மெஷின் முதல்ல ஜெயிச்சது எல்லாமே ஹெட்ஸ்-அப். ஆறு பேர் ஆட்டத்துக்கு 2019 வரைக்கும் ஆச்சு. ரெண்டு பேர் ஆட்டம்தான் கணக்குப் போட்டுத் தீர்க்க வசதியானது. அதே மாதிரி கணக்குப் போடுற மென்பொருள் இன்னிக்கு சாதாரண கம்ப்யூட்டர்லயே ஓடுது, காசு கொடுத்தா யாரும் வாங்கலாம். எதிர்ல உட்கார்ந்திருக்கிறவன் பக்கத்து ஜன்னல்ல என்ன திறந்து வெச்சிருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?

நியாயமா ஒண்ணு சொல்லணும். ஹெட்ஸ்-அப்ல ரெண்டு பேர் கூட்டு சேர்ந்து மூணாவது ஆளை ஏமாத்த முடியாது. அது ஒரு நல்ல விஷயம். அந்த ஒரு நல்ல விஷயத்துக்காக இவ்வளவையும் தாங்கணுமான்னு நீங்களே சொல்லுங்க.

"நிறைய ஆடினா திறமை தன்னால ஜெயிச்சிடும்"னு அண்ணன் சொல்வார். பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர்ல நார்மல் கர்வ் படிச்சோமே, அதை இங்கே போடுங்க. நீங்க நிஜமாவே நல்ல ஆட்டக்காரர், ரேக் போக 100 ஹேண்டுக்கு 5 பெரிய ப்ளைண்ட் சராசரி லாபம்னு வைங்க. 100 ஹேண்டுக்குத் திட்ட விலக்கம் 100 பெரிய ப்ளைண்ட்னு வைங்க, ஹெட்ஸ்-அப்புக்கு அது அதிகம் இல்லை. 10,000 ஹேண்ட் ஆடினா எதிர்பார்க்கிற லாபம் 500, திட்ட விலக்கம் 1,000. டேபிளைப் பாருங்க, அதுக்கப்புறமும் நஷ்டத்துல இருக்க வாய்ப்பு சுமார் 31 சதவீதம். நல்லா ஆடுறவனுக்கே பத்துல மூணு! இதுல கொடுமை என்னன்னா, மோசமா ஆடுறவனும் கொஞ்ச நாள் லாபத்துல இருப்பான். ரெண்டு பேருக்கும் தான் யாருன்னு தெரியாது.

மூணாவது காரணம்தான் பெரிய காமெடி. "ஆடத் தெரியாதவனைத் தேடிப் பிடி." அண்ணே, அதையேதான் எல்லாரும் பண்றாங்க. தேறின ஆளுங்க காலி டேபிள்ல தனியா உட்கார்ந்து காத்திருப்பாங்க. இன்னொரு தேறின ஆள் வந்தா எழுந்து போயிடுவாங்க. தப்பான ஆள் வந்தா மட்டும் ஆடுவாங்க. அப்படின்னா நாம போய் உட்கார்ந்ததும் ஒருத்தன் சந்தோஷமா ஆட ஆரம்பிக்கிறான்னா, நம்மளைப் பத்தி அவன் என்ன முடிவு பண்ணியிருக்கான்? எனக்கு இது உறைக்க நாலு மாசம் ஆச்சு.

இனி என் சொந்தக் கணக்கு. வெட்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் எழுதறேன். 2024 நவம்பர்லேர்ந்து 2025 பிப்ரவரி வரைக்கும் 14 தடவை ஆயிரம் ஆயிரமாப் போட்டேன். மொத்தம் 14,000. திரும்ப எடுத்தது 2,600. நஷ்டம் 11,400. அதுக்கு முந்தின ஒரு வருஷம் முழுக்க ஆறு பேர் டேபிள்ல 1/2 ஆட்டத்துல விட்டது 900தான்.

இந்த 11,400 எங்கே போச்சு? 2023 அக்டோபர் 1ல ஆரம்பிச்சு, நான் ஆடின காலத்துல கட்டுற பணத்து மேலயே 28 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்துச்சு. வரியோட சேர்த்து 14,000 கட்டினா வரி மட்டும் 3,062. சில தளங்கள் அதை போனஸாத் திருப்பிக் கொடுத்தாங்க. நான் ஆடின இடத்துல அந்த போனஸை எடுக்கணும்னா இன்னும் இவ்வளவு ஆடணும்னு நிபந்தனை, அது என் கைக்கு வரவே இல்லை. அடுத்து ரேக். சுமார் 9,000 ஹேண்ட். மேலே சொன்ன கணக்குப்படி 100 ஹேண்டுக்கு என் பங்கு 75 ரூபாய், மொத்தம் 6,750. ரெண்டையும் கழிச்சா மீதி 1,588.

அதாவது நாலு மாசம் ராத்திரி ராத்திரி கண் முழிச்சு, எதிராளிகள்கிட்ட நான் தோத்தது 1,588 ரூபாய்தான். நான் அவ்வளவு மோசமான ஆட்டக்காரன் இல்லை மக்களே! மோசமான கணக்குப்பிள்ளை. ஜெயிச்சிருந்தாலும் வருஷக் கணக்குல வர்ற நிகர லாபத்துல 30 சதவீதம் டி.டி.எஸ். நிகர நஷ்டம் வந்தா அதை அடுத்த வருஷத்துக்கு எடுத்துட்டுப் போக முடியாது.

அந்த 14,000ல 6,000 அப்பா செமஸ்டர் ஃபீஸுக்கு அனுப்பினது. அப்பா கமிஷன் மண்டியில கணக்கு எழுதறார். ஊருக்குப் போய் உண்மையைச் சொன்னப்போ அவர் கத்தலை. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுல கமிஷன் யாருக்குடா?" சொன்னேன். "அப்புறம் நீ எதுக்குடா வியாபாரம்னு நெனச்ச?"ன்னுட்டு எழுந்து போயிட்டார். மூணு வருஷம் பி.காம் படிச்சவனுக்குத் தோணாத கேள்வி அது.

ஆனா நான் நிறுத்தினது நஷ்டத்தால இல்லை, ஜெயிச்ச ஒரு ராத்திரியால. பிப்ரவரியில ஒரு நாள் ரெண்டு மணிக்கு ஒருத்தன்கிட்ட வரிசையா மூணு தடவை ஆயிரம் ஜெயிச்சேன். நாலாவது தடவை வந்து உட்கார்ந்தான். சாட்ல "ஒரே ஒரு மேட்ச் ப்ரோ, இது ஹாஸ்டல் காசு"ன்னு அடிச்சான். ஆறு பேர் டேபிள்ல ஜெயிச்சா அது யாரோட காசுன்னே தெரியாது. இங்கே ஒரே ஒருத்தன்தான், அவன் காசுதான். அவன் நான்தான்னு தோணுச்சு. கட்டிலுக்குக் கீழே ரூம்மேட் தூங்கிட்டிருந்தான். லேப்டாப்பை மூடிட்டேன்.

பெருமைக்காகச் சொல்லலை. அந்த மூவாயிரத்தை நான் திருப்பிக் கொடுக்கலை. கொடுக்க வழியும் இல்லை. மறு வாரமே அதை வேற ஒருத்தன்கிட்ட விட்டுட்டுத்தான் நிறுத்தினேன்.

2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் பணம் வெச்சு ஆடுற ஆன்லைன் விளையாட்டுகளை, திறமையோ அதிர்ஷ்டமோ, மொத்தமாத் தடை பண்ற சட்டத்தை நிறைவேத்துச்சு. இந்தியத் தளங்கள் பண ஆட்டத்தை நிறுத்தினாங்க. சட்டம் சரியா தப்பான்னு தனிப் பதிவே போடலாம். இப்போ ஜூனியர் சொல்ற "ஏஜென்ட்" ஏற்பாட்டுல ரேக் அப்படியேதான் இருக்கு, போனது ரசீதும் புகார் சொல்ல ஒரு முகவரியும்தான். ஏஜென்ட் நாளைக்கு போனை ஆஃப் பண்ணினா எந்த போலீஸ்கிட்ட போய் எதைன்னு சொல்லுவே தம்பி?

ஹெட்ஸ்-அப் அருமையான ஆட்டம். ரூம்மேட்டோட தீக்குச்சி வெச்சு ஆடிப் பாருங்க, ரேக் இல்லாத போக்கர் எவ்வளவு சுவாரசியம்னு தெரியும். காசு வெச்சு மாறணும்னு நினைக்கிறவங்க ஒரு தாளை எடுத்து அப்பாவோட கேள்வியை மேலே எழுதி, கீழே நீங்களே கணக்குப் போடுங்க.

திட்டுறவங்க திட்டலாம், ஆனா எண்ணோட வந்து திட்டுங்க. எனக்கு நாளைக்கு காஸ்டிங் இன்டர்னல். வர்ட்டா...