கேட்கும் செவிக்கும் கட்டுப்பாடு வேண்டும்

பிறர் வாழ்வுக்கு வழிகாட்டுவதையே தொழிலாகக் கொண்டோர் இன்று பெருகி வருகின்றனர். ‘லைஃப் கோச்’ என்றும் ‘எக்ஸிகியூட்டிவ் கோச்’ என்றும் தம்மை அழைத்துக்கொள்ளும் இவர்கள் பந்தாட்டம் பயிற்றுவிப்போரும் அல்லர். தேர்வுக்குப் பாடம் நடத்துவோரும் அல்லர். பணியிலோ குடும்பத்திலோ முடிவெடுக்க இயலாது தடுமாறும் ஒருவரோடு, கட்டணம் பெற்றுக்கொண்டு உரையாடி, அவரே தம் வழியைக் கண்டுகொள்ளத் துணைநிற்பது இவர்களது பணி. பணி நல்லதே. எனினும், தவறிழைத்தால் யாருக்குக் கணக்குக் கொடுப்பீர்கள் என்று வினவினால், “நல்ல மனமும் அனுபவமும் போதாவா?” என்ற மறுவினாவே பெரும்பாலும் விடையாக வருகிறது. போதா என்பதே என் வாதம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். ஜோடி ஹில்டிபிராண்ட் என்பவர் அங்கே உரிமம் பெற்ற மனநல ஆலோசகர். தம்மிடம் வந்தவரைப் பற்றிய செய்தியை அனுமதியின்றிப் பிறருக்கு வெளியிட்டதற்காக 2012-இல் அவரது உரிமம் கண்காணிப்பின்கீழ் வைக்கப்பட்டது. பின்னர் அவர் வாழ்க்கைப் பயிற்றுநர் என்ற பெயரில் குடும்பங்களுக்கு அறிவுரை வழங்கினார். அப்பெயரைச் சூடிக்கொள்ள எந்த உரிமமும் தேவைப்படவில்லை. 2023 ஆகஸ்டில், அவரோடு இணைந்து பணியாற்றிய ஒரு தாயின் 12 வயது மகன் அவரது வீட்டிலிருந்து தப்பியோடி அண்டை வீட்டாரிடம் உணவும் நீரும் கேட்டபோதுதான் அங்கு நடந்த கொடுமை வெளிப்பட்டது. சிறாரைக் கொடுமைப்படுத்திய நான்கு குற்றங்களை ஒப்புக்கொண்ட அவருக்கு 2024 பிப்ரவரியில் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உரிமச் சட்டம் ஒன்று இருந்திருந்தால் அக்கொடுமை நிகழ்ந்தே இராது என்று நான் கூறவில்லை. ஒரு தொழிலில் கண்டிக்கப்பட்டவர், அதே வேலையை வேறு பெயரில் கேட்பாரின்றிச் செய்ய இயலும் என்பதையே சுட்டுகிறேன். அவருடைய பேச்சில் சமயச் சொற்களுக்கும் ஒழுக்க போதனைக்கும் குறைவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. பக்தி மொழி தகுதிச் சான்றாகாது.

நம் நாட்டிலும் நிலைமை வேறன்று. மருத்துவரையும் வழக்குரைஞரையும் விசாரித்துப் பெயரை நீக்கச் சட்டப்படி அமைந்த மன்றங்கள் உள்ளன. வாழ்க்கைப் பயிற்றுநருக்கு அத்தகைய சட்ட மன்றம் இல்லை. பெயர்ப்பலகை ஒன்று போதும்.

நெறிமுறையே இல்லை என்பதன்று. 1995-இல் தொடங்கப்பெற்ற பன்னாட்டுப் பயிற்றுநர் கூட்டமைப்பு தெளிவான ஒழுக்க விதிகளை வகுத்துள்ளது. இரகசியம் காத்தல், தம்மிடம் பயிற்சி பெறுவோரோடு பாலுறவோ காதலுறவோ கொள்ளாதிருத்தல், வேறு வல்லுநரின் உதவி தேவையாயின் அவரை நாடுமாறு கூறுதல் ஆகியன அவற்றுள் அடங்கும். முறையீடுகளை விசாரிக்கும் ஏற்பாடும் உண்டு. ஆயினும் இவ்விதிகள் அதனைச் சார்ந்தோரை மட்டுமே கட்டுப்படுத்தும். அதிலிருந்து விலக்கப்பட்டவர் மறுநாளே வேறோர் இடத்தில் கடைவிரிக்கலாம்.

இதில் நுட்பமான இடர் ஒன்று உண்டு. நிறுவனங்கள் தம் அலுவலருக்குப் பயிற்றுநரை அமர்த்துகின்றன. கட்டணம் கொடுப்பது நிறுவனம்; நெஞ்சைத் திறப்பது ஊழியர். “இவ்வேலையை விட்டுவிட எண்ணுகிறேன்” என்று அவர் மனம்விட்டுச் சொன்னபின், மேலாளர் பயிற்றுநரை அழைத்து, “அவர் எப்படி?” என்று கேட்டால் என்ன செய்வது? எதனைப் பகிரலாம், எதனைப் பகிரலாகாது என்பதை மூவரும் தொடக்கத்திலேயே எழுதி உடன்பட்டிருந்தால் பயிற்றுநர் தலைநிமிர்ந்து மறுக்கலாம். இல்லையேல், எவ்வளவு நல்லவராயினும், அவர் ஊதியம் தருபவரின் ஒற்றராகிவிடுவார். நல்ல மனம் தடுமாறும் வேளையில் அதனைத் தாங்கிப்பிடிப்பது விதியே.

“தீயோரைச் சந்தையே களைந்துவிடும், விதிகள் எதற்கு?” என்பர் சிலர். கெட்டுப்போன அரிசியை விற்றவனைச் சந்தை களையலாம். வாங்கியவன் உரக்கச் சொல்வான். தன் மணவாழ்வின் முறிவையோ மனத்தளர்ச்சியையோ ஒருவரிடம் சொல்லி ஏமாந்தவர் தெருவில் நின்று கூவுவாரா? வெட்கம் அவர் வாயைக் கட்டிவிடும். அம்மௌனத்தின் மறைவில் தவறு செழிக்கும். “உரிமம் பெற்ற மருத்துவரும் தவறு செய்கின்றனரே” என்பர் வேறு சிலர். மெய்தான். ஆனால் எங்கே முறையிடுவது என்பது நோயாளிக்குத் தெரியும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பணம் கட்டுமுன் கேட்போம்: எங்கே பயின்றீர்கள்? எந்த நெறிமுறைக்குக் கட்டுப்பட்டவர்? நான் கூறுவதை யார் யார் அறிவர்? என் துயரம் உம் திறனுக்கு மிஞ்சியதாயின் யாரிடம் அனுப்புவீர்? உம்மீது குறையிருப்பின் யாரிடம் சொல்ல வேண்டும்? நேர்மையான பயிற்றுநர் இக்கேள்விகளால் புண்படார்; அவற்றை வரவேற்பார். சினந்துகொள்பவரிடம் நம் பிள்ளைகளையும் நம் உள்ளங்களையும் ஒப்படையாதிருப்போமாக.