சோதிக்க வேண்டியது பிள்ளையை அல்ல!

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் இருக்கிறது பூண்டி. மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் ஊர். அந்த ஊர்த் தோழர் ஒருவர் எழுதிய கடிதம் மேசை மேல் கிடக்கிறது. இரண்டு நாட்களாக வேறு எதையும் எழுத அது விடவில்லை.

"என் மகளுக்கு ஐந்து வயது. பேருந்துப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். பூண்டு மூட்டைகளை எண்ணி, ஏற்றியது போக மிச்சம் எத்தனை என்று எனக்கு முன்னால் சொல்கிறாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கொடைக்கானலில் இரண்டு தனியார் பள்ளிகளைப் பார்த்தேன். ஒன்று விடுதிப் பள்ளி, பெரிய பெயர். நிலத்தை ஒத்திக்கு வைத்தால்தான் கட்ட முடியும். இன்னொன்று சிறியது, என் மைத்துனர் வீட்டுக்குப் பக்கம். பெரிய பள்ளியில் பிள்ளையை உட்கார வைத்து ஆங்கிலத்தில் ஏதேதோ கேட்டார்கள். அவள் விழித்தாள். 'தகுதி போதாது' என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு மறுபடி வரச் சொல்கிறார்கள். திரும்பும் வழியில் பேருந்தில் கேட்டாள்: 'அப்பா, நான் மக்கா?' தோழரே, எந்தப் பள்ளியில் சேர்ப்பது?"

தோழர்களே! மூட்டைக் கணக்கைத் தந்தைக்கு முன்னால் சொல்லும் பிள்ளை மக்கா? அந்தக் கேள்வியை அவள் வாயில் வைத்தவர் யார்? ஐந்து வயதில் தன்னையே சந்தேகிக்கக் கற்றுக் கொடுத்தது எந்தப் பாடத்திட்டம்?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2009இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது கல்வி உரிமைச் சட்டம். அதன் 13ஆம் பிரிவு, பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ எந்தத் தேர்வும் வைக்கக்கூடாது என்கிறது. வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம்; அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 வரை. நன்கொடை வாங்கினால், வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். "தேர்வு இல்லை, சும்மா பேசிப் பார்த்தோம்" என்று தப்பவும் வழியில்லை. குலுக்கல் தவிர, ஒரு பிள்ளையை விட்டு இன்னொரு பிள்ளையைப் பொறுக்கி எடுக்கும் எந்த முறையும் தேர்வுதான் என்று சட்டமே பொருள் சொல்லியிருக்கிறது.

ஒரு விலக்கு உண்டு, அதை மறைக்கக்கூடாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பியது. ஆகவே, பள்ளி எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"ஏழைப் பிள்ளைக்கு 25 விழுக்காடு இடம் உண்டே, அந்த வழியில் போகலாமே?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். உண்டு. 12ஆம் பிரிவு அது. தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு. கட்டணத்தை அரசு கொடுக்கும். ஆனால் தமிழ்நாட்டில் அதற்கு வகுத்த எல்லை, வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர். சென்னையில் ஒரு கிலோமீட்டருக்குள் பத்துப் பள்ளிகள் இருக்கலாம். பூண்டியிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்தால் என்ன வரும்? இன்னொரு தோட்டம் வரும்! நகரத்தை மனத்தில் வைத்து எழுதிய உரிமை மலையேறும்போது மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது.

அந்தக் கதவும் 2025இல் எப்படித் திறந்தது? மும்மொழியை உள்ளடக்கிய புதிய கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பதற்காக, 2024-25ஆம் ஆண்டுக்குரிய கல்வித் திட்ட நிதி 2,152 கோடி ரூபாயை மைய அரசு நிறுத்தி வைத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. ஜூனில் பள்ளி திறந்து பாடம் பாதி நடந்த பிறகு, அக்டோபரில்தான் அந்த ஆண்டின் 25 விழுக்காட்டுச் சேர்க்கை தொடங்கியது. டில்லிக்கும் சென்னைக்கும் நடந்த வழக்கில் வாசற்படியில் நின்றவர்கள் ஐந்து வயதுப் பிள்ளைகள்.

இனி, பெரிய பெயர் என்ற மயக்கம். கொடைக்கானலின் பள்ளிப் புகழ் எங்கே தொடங்கியது? 1901இல் அமெரிக்கப் பாதிரிமார் தங்கள் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு பள்ளி கண்டார்கள். ஹைக்ளர்க் பள்ளி என்று பெயர். இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி அதன் தொடர்ச்சி. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களிடம் ஒரு பாடம் இருக்கிறது. கடல் கடந்து வந்த அந்த மனிதர்கள், தங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டு மொழியிலேயே கல்வி வேண்டும் என்று நினைத்தார்கள். அதற்காகப் பள்ளியையே கட்டினார்கள். நாமோ, அவர்கள் வீட்டு மொழி நம் பிள்ளைக்கு வரவில்லையே என்று தலை குனிகிறோம்! கூடியவரை தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் சொல்கிறது. ஆங்கிலம் வேண்டும், நன்றாகவே வேண்டும். ஆனால் எண்ணிப் பார்க்கும் மொழியைப் பறித்துக்கொண்டு, ஒப்பிக்கும் மொழியைக் கொடுப்பது பண்டமாற்றிலும் சேராது.

பிள்ளைகளைச் சிறு வயதில் சலித்தெடுக்கும் வேலையை இங்கிலாந்தே செய்து பார்த்தது. 1944ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, பதினொரு வயதில் ஒரு தேர்வு. தேறியவன் ஒரு பள்ளிக்கு, தேறாதவன் வேறு பள்ளிக்கு. தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் கீழ்த்தட்டில் விழுந்தார்கள். 1965இல் அந்த முறையைக் கைவிடும்படி அரசு கேட்டுக்கொண்டது. பெரும்பாலான இடங்களில் அது போயிற்று. பதினொரு வயதிலேயே தவறு என்று அவர்கள் கண்டதை நாம் ஐந்து வயதில் செய்கிறோம்.

எனவே தோழரே, சோதனையைத் திருப்பி வையுங்கள். பள்ளி பிள்ளையைச் சோதிக்க வேண்டாம். நீங்கள் பள்ளியைச் சோதியுங்கள். கேட்க வேண்டியவை ஐந்து.

ஒன்று: ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் யார்? எத்தனை ஆண்டாக இருக்கிறார்? ஆண்டுக்கு ஓர் ஆசிரியர் மாறும் பள்ளியில் கட்டடம்தான் நிலையானது.

இரண்டு: ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் சொல்லும் அளவு.

மூன்று: விரைவாகப் படிக்கும் பிள்ளைக்கு என்ன தருகிறார்கள்? கூடுதலாகக் கதைப்புத்தகம் தருகிறார்களா, கூடுதலாக வீட்டுப்பாடம் தருகிறார்களா? ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று மத்திய வாரியப் பள்ளிகள் குறித்த வழக்கில் 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை நினைவில் வையுங்கள்.

நான்கு: கட்டணம். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு உண்டு. "குழுவின் ஆணையைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். இந்த ஆண்டுக் கணக்கு மட்டும் போடாதீர்கள். பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப் போடுங்கள். நிலம் போன பிறகு எட்டாம் வகுப்பில் பிள்ளையை நிறுத்தினால், அந்த வேதனை இன்றைய வேதனையைவிடப் பெரிது.

ஐந்து: மாலையில் பிள்ளை யாரிடம் பேசும்? விடுதிக் காப்பாளரிடமா, அத்தையிடமா?

இந்த ஐந்தையும் கேட்டால், இரண்டு தனியார் பள்ளிகளில் சிறியதே மேல் என்பது என் எண்ணம். தேர்வு வைத்து அவமதித்த வாசலுக்கு, நிலத்தை ஒத்தி வைத்துக்கொண்டு மறுபடி போகாதீர்கள். ஐந்து வயதில் விடுதி வேண்டாம்.

மூன்றாவது வழியையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன். ஊர் அரசுப் பள்ளி. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது சட்டம். ஐந்து வகுப்பை இரண்டு பேர் எப்படி நடத்துவார்கள் என்ற உங்கள் அச்சம் பொய்யல்ல. அந்த அச்சத்தால் வெளியேறும் பெற்றோரைத் துரோகி என்று மேடையில் பேசுவது எளிது, நான் பேசமாட்டேன். ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாம் பேருந்தேறிப் போய்விட்டால், மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்று கேட்க ஊரில் யார் மிஞ்சுவார்? அந்த ஆசிரியர் நல்லவர் என்று கண்டால், ஐந்தாம் வகுப்பு வரை மகள் வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆறாம் வகுப்பில் மறுபடி யோசியுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் வந்ததையும் அப்போது கணக்கில் சேருங்கள்.

கிளைக்கழகத் தோழர்களுக்கும் ஒரு சொல். குலத்தொழிலுக்குப் பாதி நாள், படிப்புக்குப் பாதி நாள் என்று 1953இல் ஒரு திட்டம் வந்தபோது, ஊர் ஊராகக் கூட்டம் போட்டு எதிர்த்தோம். 1954இல் அது போயிற்று. இன்று எந்த அரசாணையும் இல்லாமலே, தொழிலாளி மகளிடம் "தகுதி போதாது" என்கிறார்கள். அதற்கு எங்கே கூட்டம்? சேர்க்கைக் காலத்தில் படிப்பறிவுள்ள ஒரு தோழர் அந்தத் தந்தையோடு பள்ளி அலுவலகத்துக்குப் போகட்டும். படிப்பகத்தில் கட்சி ஏடுகளுக்குப் பக்கத்தில் பத்துக் கதைப்புத்தகங்கள் இருக்கட்டும். மலைக்கு ஒரு கிலோமீட்டர் அளவு போதாது என்று தீர்மானம் போட்டு மாவட்டத்துக்கு அனுப்புங்கள்.

பூண்டித் தோழரே! பள்ளியை நாளை முடிவு செய்யலாம். அதற்கு முன் இன்று இரவு ஒரு வேலை இருக்கிறது. மகளை மடியில் உட்கார வைத்து, பேருந்தில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: "நீ மக்கு இல்லையம்மா. அவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை." பிறகு மூட்டைக் கணக்கு ஒன்று கேளுங்கள். அவள் சொல்வாள்.