கையை விலக்கச் சொல்லும் விதி

திருவனந்தபுரத்தின் ஸ்ரீவராகத்திலிருந்து கோட்டைப் பகுதிக்குச் செல்லும் சிறுவர், பத்மதீர்த்தக் குளத்தருகே சற்று நின்று மேலே அண்ணாந்து பார்ப்பதுண்டு. அங்குள்ள பழைய மாளிகையின் முகப்பில் ‘மேத்தன் மணி’ என்னும் கடிகாரம் அமைந்துள்ளது. அது 19ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டது. அதன் மேற்பகுதியில் தாடியுடைய மனித முகம் ஒன்றும், இருபுறமும் இரண்டு ஆட்டுக்கடாக்களும் உள்ளன. மணி அடிக்கும்போது அம்முகம் வாயைத் திறக்கும். கடாக்கள் இரண்டும் அதன் கன்னங்களில் முட்டும். எவர் கையும் அப்போது அதைத் தொடுவதில்லை. உள்ளே சுழலும் பற்சக்கரங்களே அவ்வேலையைச் செய்கின்றன.

ஆயினும் அக்கடிகாரம் எதையும் அறிவதில்லை. குளக்கரையில் கூட்டம் நிறைந்திருந்தாலும், மழையில் தெரு வெறிச்சோடிக் கிடந்தாலும் அதற்கு இரண்டும் ஒன்றே. முன்னரே வகுத்த ஒரே செயலை அது திரும்பத் திரும்பச் செய்கிறது. இன்றைய மாணவர் உருவாக்கும் தன்னியக்க ரோபோவிடம் இதனினும் கூடுதலாக ஒன்று எதிர்பார்க்கப்படுகிறது. அது சுற்றுப்புறத்தை உணரவேண்டும். உணர்ந்ததற்கு ஏற்பத் தன் அடுத்த செயலைத் தேர்ந்துகொள்ளவும் வேண்டும்.

போட்டிகளில் இடம்பெறும் ரோபோக்கள் பெரும்பாலும் இருவகையின. மாணவர் கையிலுள்ள விசைப்பெட்டியின் ஆணைப்படி நடப்பது கையியக்க ரோபோ. தொடக்க விசையை அழுத்தியபின் எவருடைய ஆணையும் இன்றி நடப்பது தன்னியக்க ரோபோ. வெண்தரையில் வரைந்த கறுப்புக் கோட்டைப் பின்பற்றிச் செல்லும் சிறு வண்டி பின்னதற்கு எளிய சான்று. வண்டியின் அடியிலுள்ள விளக்கு தரையை நோக்கி அகச்சிவப்பு ஒளியை வீசும். வெண்மை அவ்வொளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். கருமை அதனைப் பெரிதும் உட்கொண்டுவிடும். திரும்பி வரும் ஒளியின் அளவை உணரி அறிவிக்க, நிரல் அதற்கேற்ப இடப்பக்க, வலப்பக்கச் சக்கரங்களின் வேகத்தை மாற்றும். மாணவர் முன்னரே எண்ணி எழுதிய நிரலே அங்கு ஓட்டுநர் ஆகிறது.

2025-26ஆம் கல்வியாண்டில் கேரள மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பில் ரோபாட்டிக்ஸ் சேர்க்கப்பட்டுள்ளது. பள்ளிதோறும் இத்தகைய போட்டிகள் பெருகிவருகின்றன. எனவே, அப்போட்டிகளுக்கு எத்தகைய விதிகள் வேண்டும் என்னும் வினாவும் உடன் எழுகிறது. விதி என்றாலே தடை என்று மாணவர் எண்ணுவது இயல்பு. நல்ல விதியோ, யார் எந்த வேலையைச் செய்யவேண்டும் என்பதைத் தெளிவாக்குவது. ரோபோப் போட்டியில் காக்கப்பட வேண்டிய முதல் விதி, உரிய நேரத்தில் கையை விலக்கச் சொல்லும் விதியே.

இதற்கு ஏபியூ ரோபோகான் போட்டியின் வரலாறு நல்ல சான்றாகும். ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் நடத்தும் இப்போட்டி முதன்முதலாக 2002ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்றது. கல்லூரி மாணவர்க்கான இப்போட்டி ஆண்டுதோறும் ஒரு நாட்டில் நிகழும். போட்டியை ஏற்று நடத்தும் நாடே அவ்வாண்டின் விளையாட்டை வகுக்கும். 2008இல் புனேயில் நடந்தபோது கண்ணன் வெண்ணெய் எடுக்கும் காட்சி போட்டியாயிற்று. 2022இல் புதுதில்லியில், அடுக்கிய தட்டைக் கற்களைப் பந்தெறிந்து கலைத்து மீண்டும் அடுக்கும் ‘லகோரி’ விளையாட்டு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஊர்ச் சிறுவர் தெருவில் ஆடிய ஆட்டம், பன்னாட்டு மாணவர் கூடும் அரங்கின் விதிநூலாக மாறியது.

இவற்றுள் 2014ஆம் ஆண்டு மீண்டும் புனேயில் நடந்த போட்டி தனித்துக் குறிப்பிடத்தக்கது. பெற்றோரைப் போற்றுதல் என்பதே அதன் கருப்பொருள். ஒவ்வோர் அணிக்கும் பெற்றோர் ரோபோ ஒன்றும் குழந்தை ரோபோ ஒன்றும் இருந்தன. பெற்றோர் ரோபோ குழந்தையைத் தூக்கிச்சென்று ஏற்றப்பலகையில் அமர்த்தவேண்டும். ஊஞ்சலில் வைத்து ஆட்டவேண்டும். ஆனால், வரிசையாக நட்ட கம்பங்களின் மேல் கால்வைத்துக் கடப்பதும், ஏறுசட்டத்தின் உச்சிக்கு ஏறுவதும் குழந்தை ரோபோ தானே செய்யவேண்டிய வேலைகள். அதனை மாணவர் விசைப்பெட்டியால் இயக்க இயலாது. எல்லாப் பணிகளும் நிறைவேறினால் கிட்டும் வெற்றிக்குச் ‘சபாஷ்’ என்பதே பெயர்.

அவ்விதியின் அமைப்பை உற்றுநோக்கினால் ஓர் உண்மை விளங்கும். தூக்கிச்செல்லும் கை அங்கே மறுக்கப்படவில்லை. ஊஞ்சலை ஆட்டும் கையும் மறுக்கப்படவில்லை. ஏறவேண்டிய இடம் வந்ததும் கை விலகவேண்டும் என்பது மட்டுமே வலியுறுத்தப்பட்டது. உதவி எதுவரை, தன்முயற்சி எங்கிருந்து என்னும் எல்லைக்கோட்டை அவ்விதி வரைந்து காட்டியது.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். பல மாத உழைப்பு ஓர் உணரியின் பிழையால் மூன்றே நிமிடங்களில் வீணாகிவிடும் என்பது அவர்தம் கவலை. அரங்கின் விளக்கொளி பள்ளி ஆய்வகத்தின் ஒளியினின்று சற்றே வேறுபட்டாலும் கோட்டைப் பின்பற்றும் வண்டி தடுமாறக்கூடும். அந்நிலையில் அதனை உருவாக்கிய மாணவி கைகட்டி நிற்பது கொடுமையன்றோ என்று அவர்கள் வினவுவர். ஆதலால், பள்ளி மாணவர்க்குக் கையியக்க ரோபோக்களே போதும் என்பது அவர்கள் முடிவு.

அக்கவலை பொய்யன்று. முடிவுதான் பொருந்தவில்லை. ரோபோகான் விதிகளிலேயே அதற்கு மருந்து உண்டு. ரோபோ தடுமாறினால், அணியினர் நடுவரின் இசைவைப் பெற்று, அதனைக் குறித்த இடத்திற்குக் கொண்டுசென்று மீண்டும் தொடங்கலாம். இது மறுமுயற்சி எனப்படும். மறுமுயற்சியின்போது கடிகாரம் நிற்பதில்லை. இழந்த நேரம் இழந்ததே. ஆயினும் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை. பிழைக்கு விலை உண்டு. அதே வேளையில் பிழையோடு எல்லாம் அழிந்துவிடுவதும் இல்லை. பள்ளிப் போட்டிகளில் இவ்விதியை இன்னும் தாராளமாக்கலாம். ஆட்டத்திற்கு முன் அரங்க ஒளியில் உணரிகளைச் சரிபார்க்க ஒவ்வோர் அணிக்கும் நேரம் தரலாம். கண்டிப்பைத் தளர்த்த வேண்டியது வாய்ப்புகளின் எண்ணிக்கையில்தான். ஓடும் ரோபோவைக் கையால் திருப்பிவிட இடமளித்தால், மாணவர் கற்கவேண்டிய பாடமே நழுவிவிடும்.

ஏனெனில், கையியக்க ரோபோவில் ஏற்படும் பிழையை விரல் உடனே திருத்திவிடும். மாணவர் அதனைப் பிழையென அறிவதற்குள் அது மறைந்துபோகும். தன்னியக்க ரோபோவோ பிழையை முழுமையாக நடத்திக் காட்டும். சுவரில் மோதிய வண்டி, சுவரைப் பற்றி மாணவர் எண்ணிப்பார்க்கவில்லை என்று அறிவிக்கிறது. ஒருவர் தம் சிந்தனையில் விட்டுப்போன இடத்தை அவர் கண்முன்னே காட்டும் ஆசான் வேறு எளிதிற் கிடைப்பதில்லை.

கையை விலக்கச் சொல்லும் விதி மாணவர்க்கு மட்டும் உரியதன்று, பெரியவர்க்கும் உரியது. ரோபோகான் அணியில் களமிறங்கும் மூன்று மாணவரும், அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர் ஒருவரும் இருப்பர். நால்வரும் ஒரே கல்வி நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டும். ரோபோவை மாணவரே உருவாக்கவேண்டும். பள்ளிப் போட்டிகளில் இவ்விதியே மிக எளிதாக மீறப்படுகிறது. பொறியாளராகிய தந்தை இரவில் எழுதிய நிரலும், பயிற்சி நிலையத்தார் முடித்துக்கொடுத்த வண்டியும் மாணவர் பெயரில் மேடையேறுவது உண்டு. பரிசு வீட்டுக்கு வரும், அறிவு வருவதில்லை. தன் கையாலேயே கம்பிகளைப் பொருத்தி, பாதி வழியில் நின்றுபோன வண்டியோடு திரும்பும் சிறுவனுக்கு இழைக்கப்படும் அநீதி அதனினும் பெரிது. அவன் தோற்றது தன் வயதினனிடம் அன்று. முகம் காட்டாத ஒரு பெரியவரிடம்.

இதனைத் தடுக்கக் காவல் தேவையில்லை. இரண்டு விதிகள் போதும். முதலாவது, ஆட்டத்திற்கு முன் ஒவ்வோர் அணியும் தன் ரோபோவின் ஒரு பகுதியைக் கழற்றி மீண்டும் பொருத்திக் காட்டவேண்டும். நடுவர் சுட்டும் ஒரு வரி நிரலின் பணியையும் விளக்கவேண்டும். உருவாக்கியவர்க்கு அது எளிது. இரவல் வாங்கியவர்க்கு அரிது. இரண்டாவது, ரோபோவுக்கான செலவுக்கு உச்சவரம்பு வேண்டும். விலைமிக்க உணரியை வாங்க இயன்றவர் வெல்லும் போட்டி, பணப்பைகளின் போட்டியாகிவிடும். பழைய பொம்மையின் மோட்டாரும் அட்டைப் பெட்டியும் கொண்டு வருபவர்க்கும் அரங்கில் சம இடம் இருத்தல் வேண்டும்.

கையியக்க ரோபோக்கள் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. விரைந்து முடிவெடுத்தல், கண்ணும் கையும் இசைந்து இயங்குதல் ஆகிய திறன்களை அவை வளர்க்கின்றன. இருவகையும் ஒரே களத்தில் சேரும்போது போட்டி சிறக்கிறது. 2024ஆம் ஆண்டு வியட்நாமின் குவாங் நின் மாகாணத்தில் நடந்த ரோபோகான் போட்டியின் கருப்பொருள் நெல் அறுவடை. களத்தில் நாற்று நடுதல் முதலிய பணிகளுக்கு மாணவர் இயக்கும் ரோபோவைப் பயன்படுத்தலாம். களஞ்சியங்கள் உள்ள பகுதிக்குள் தன்னியக்க ரோபோ மட்டுமே நுழையலாம். நெல்லைக் குறிக்கும் பந்தையும் பதரைக் குறிக்கும் பந்தையும் நிறத்தால் பிரித்தறிந்து, நெல்லை மட்டும் எடுத்துக் களஞ்சியத்தில் சேர்ப்பது அதன் வேலை. நெல் எது, பதர் எது என்று அக்கணத்தில் எவரும் அதற்குச் சொல்லித்தர இயலாது. சொல்லவேண்டியதை எல்லாம் முன்னரே சொல்லியிருக்க வேண்டும்.

தொழிலுக்காக ஊர் மாறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இவ்வெல்லைக்கோடு புதியதன்று. புதிய பள்ளியின் வாயில்வரை தாயோ தந்தையோ உடன்வருவர். மொழி தெரியாத வகுப்பறைக்குள் கால்வைப்பது பிள்ளையின் வேலை. உள்ளே நுழைந்து பிள்ளைக்காகப் பேசும் பெற்றோர் அன்பு மிக்கவரே. ஆயினும் அப்பிள்ளை பேசக் கற்பதற்கு நாளாகும்.

ஆகவே, ரோபோப் போட்டி நடத்தும் பள்ளிகள் தன்னியக்கப் பகுதியைக் கடினமெனக் கைவிடாமல் இருத்தல் நலம். மறுமுயற்சிக்கு வழி திறந்திருக்கட்டும். செலவுக்கு வரம்பு இருக்கட்டும். செய்தவரே விளக்கும் முறையும் இருக்கட்டும். தொடக்க விசையை அழுத்திய பின் மாணவர் இரண்டு அடி பின்னே நகர்ந்து நிற்கட்டும். பெற்றோரும் ஆசிரியரும் பார்வையாளர் வரிசையில் அமரட்டும். வண்டி ஓடினாலும் நின்றாலும், அது அம்மாணவரின் வண்டியாகவே இருக்கும்.