அந்தக் கதவு எந்த ஊர்?

போகி முடிந்து ஐந்து நாளாகிவிட்டது. பத்திக்காரருக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பெரம்பலூரில் அவர் குடியிருக்கும் தெருமுனையில் விடிவதற்கு முன்பே தீ மூட்டியிருந்தார்கள். கிழிந்த பாய், நைந்த முறம், தேய்ந்த துடைப்பம். அவற்றின் நடுவில் ஒரு முக்காலி, கால்கள் வானத்தைப் பார்க்கக் கவிழ்ந்து கிடந்தது. டயரை எரிக்காதீர்கள், பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு போகிக்கும் கேட்டுக்கொள்கிறது. நல்ல வேண்டுகோள். அந்தத் தீயில் டயரும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை, மரம்தான் இருந்தது. மரம் எரிந்தால் யாருக்கும் உறுத்துவதில்லை. ஒரு கால் கருகத் தொடங்கியிருந்த முக்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார் பத்திக்காரர். முக்காலிக்குச் சொந்தக்கார அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உளுத்துப்போனதுங்க சார், அத வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

உளுக்கவில்லை. பழைய மரத்தில் ஓட்டைகள் தெரிந்தாலே பலர் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். ஓட்டையைப் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. அதன் கீழே புதிதாக மாவு கொட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாமானை வெள்ளைத் தாளின் மேல் நிறுத்தி நான்கு நாள் விட்டுவைத்தால் தெரிந்துவிடும். தாளில் மாவு விழுந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. விழாவிட்டால் அது பெரும்பாலும் என்றைக்கோ தின்று முடித்துப் போய்விட்ட பழைய தடம். பிறகு நகத்தால் அழுத்திப் பார்க்கலாம், ஒரு முனையைத் தூக்கிக் கனம் பார்க்கலாம். வைரம் பாய்ந்த கட்டை நகத்துக்கு இடம் கொடுக்காது.

முக்காலியை ஆசாரியிடம் கொண்டுபோனார். எழுபது வயதைத் தாண்டியவர். மேலே அப்பியிருந்த பச்சைப் பெயின்டைச் சுரண்டிவிட்டு இழைப்புளியை இரண்டு முறை ஓட்டினார். உடனே தும்மினார். மூன்றாவது தும்மலுக்குப் பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டே, "வாகை, தம்பி" என்றார். பார்த்துச் சொன்னது இல்லை, தும்மிச் சொன்னது. வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் வரும் என்பது மரவேலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பெயின்டுக்கு அடியில் கரும்பழுப்பும் வெளிர்மஞ்சளும் வரி வரியாக வெளிவந்தபோது பத்திக்காரருக்கு உண்டான மகிழ்ச்சியை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்தார்.

வாகை இந்தப் பக்கத்தின் மரம். பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரில் சிற்பிகள் வாகையிலும் மாவிலங்கையிலும் வேம்பிலும்தான் சாமி உருவங்களையும் வாகனங்களையும் செதுக்குகிறார்கள். ஒரே கட்டையில் முழு உருவத்தையும் எடுப்பது அவர்கள் கைவாகு. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு வேறொன்றும் இல்லை, ஒரு பொருளோடு அதன் ஊர்ப்பெயரைச் சேர்த்துக் கட்டிவைக்கும் ஏற்பாடுதான். இதை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முக்காலிக்கு ஒரு புதுக்கால் தேவைப்பட்டது. அதற்குப் பழைய வாகைத் துண்டு தேடி அரியலூர் சாலையில் ஒரு பழைய மரக் கிடங்குக்குப் போனார் பத்திக்காரர். போகியும் முக்காலியும் அங்கே மறந்துபோயின.

அங்கே ஒரு கதவு இருந்தது.

அந்த மாதிரிக் கிடங்குகளைப் பார்த்தவர்களுக்கு வர்ணிக்க வேண்டியதில்லை. ஓட்டு வீடுகள் இடிபட்டுக் கான்கிரீட் வீடுகள் எழும்பும் மாவட்டங்கள் இவை. 1979 முதல் அரசு சிமெண்ட் ஆலையே ஓடும் ஊர் அரியலூர். தனியார் ஆலைகள் வேறு. ஒரு வீடு இடிந்தால் உத்திரம் ஒரு பக்கம், தூண் ஒரு பக்கம், நிலை ஒரு பக்கம் என்று லாரியில் ஏறிவிடும். ஜன்னல்கள் சுவரோரம் அடுக்கி நிற்கும். உடைந்தவை விறகு விலைக்குப் போகும். சாமான் தேடுகிறவர் மழைக்காலத்துக்கு முன்னால் போவது நல்லது. திறந்தவெளியில் நனைந்து காய்ந்து மறுபடி நனைந்த பலகை முறுக்கிக்கொள்ளும், அப்புறம் எந்த ஆசாரியாலும் நிமிர்த்த முடியாது.

கதவு ஒற்றைக் கதவு. ஐந்தரை அடிக்குமேல் இராது; குனிந்து நுழையும் வாசலுக்கு அடித்தது. கீல் கிடையாது, மேலும் கீழும் குடுமி. கீழ்க்குடுமி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. நாதாங்கி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம். எத்தனை ஆயிரம் முறை இரும்பு அந்த இடத்தில் தட்டியிருக்க வேண்டும்! பின்புறம் முழுக்கத் தார் பூசியது போன்ற கறுப்பு. கிடங்குக்காரரிடம் பத்திக்காரர் கேட்டார்:

"இது எந்த ஊருங்க?"

"செட்டிநாடு சார். ஒரிஜினல்."

இந்தப் பதிலைப் பத்திக்காரர் கேட்பது முதல் தடவை இல்லை. பெரம்பலூர் பக்கத்துப் பெட்டியைக் காட்டி ஒருவர் சொன்னார், ஜெயங்கொண்டத்துச் சாய்வு நாற்காலியைக் காட்டி இன்னொருவர் சொன்னார். சென்னையில் ஒரு கடையில் உரலுக்குக்கூட அந்தப் பெயரைச் சொன்னார்கள். செட்டிநாட்டுச் சாமான்களுக்கு இருக்கும் பெருமை உழைத்துச் சேர்த்த பெருமை. பர்மாவிலிருந்து தேக்கும் ஐரோப்பாவிலிருந்து கண்ணாடியும் கப்பலில் வந்தன. ஆத்தங்குடியில் தரையோடு வார்த்தார்கள். அந்த வீடுகள் பிரிபட்டபோது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அவற்றை வாங்கி விற்க ஒரு கடைவீதியே உண்டானது. யாரும் அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பர்மாவையே பார்த்திராத ஒரு வாகைக் கதவுக்கு, ஒரு புன்செய்க்காரர் வீட்டுக் கதவுக்கு, ஏன் இரவல் பெயர்?

பின்புறத்துக் கறுப்பு பத்திக்காரருக்குத் தெரிந்த கறுப்பு. முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய். கையில் பட்டால் புண்ணாக்கும், கரையானை அண்டவிடாது. முந்திரி விளைகிற ஊர்களில் கதவுக்கும் கைமரத்துக்கும் அதைப் பூசுவார்கள். ஆண்டிமடம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கமெல்லாம் முந்திரிக்காடுதான். அதைச் சொன்னதும் கிடங்குக்காரர் சற்று யோசித்தார். "லோடு கொண்டாந்தவரு செந்துறைப் பக்கம்னுதான் சொன்னாரு. எந்த ஊருன்னு கேக்கல சார். கேட்டு என்ன ஆகப் போவுது?"

கேட்டு என்ன ஆகும் என்பதற்குப் பத்திக்காரரிடம் ஒரு பதில் இருக்கிறது. அது கி.ராஜநாராயணனின் 'கதவு' சிறுகதை. இந்தப் பத்தியில் அந்தக் கதை தலைகாட்டுவது எத்தனையாவது முறை என்று கணக்கு வைத்திருக்கும் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நிலத்தீர்வை கட்டவில்லை என்று ஓர் ஏழை வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதுவரை அந்தக் கதவுதான் பிள்ளைகளுக்கு வண்டி. அதில் ஏறி ஆடுவார்கள். கதவு போன பிறகு குளிர் உள்ளே வருகிறது, நாய் உள்ளே வருகிறது, கைக்குழந்தை இறந்துபோகிறது. பிறகு ஒருநாள் சாவடிக்குப் பின்னால் கதவு கிடப்பதைப் பையன் பார்த்துவிடுகிறான். செல் அரித்துக் கிடக்கும் அதைத்தான் பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை. அதை முதல்முதலில் படித்தபோது பத்திக்காரருக்குப் பதினேழு வயது. அன்றிலிருந்து பழைய கதவு எதைப் பார்த்தாலும் அதில் ஆடிய பிள்ளைகள் யாரென்று கேட்கத் தோன்றுகிறது. கி.ரா. 2021இல் மறைந்தார். அவர் அந்தக் கதவுக்கு ஒரு வீடும் இரண்டு பிள்ளைகளும் கொடுத்தார். கிடங்கில் நிற்கும் கதவுகளுக்கும் அவை இருந்தன. எழுதிவைக்கத்தான் ஆள் இல்லை.

எழுதிவைக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரிய இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகவேண்டியதில்லை. கங்கைகொண்ட சோழபுரம் போதும். முதலாம் ராஜேந்திரன் கட்டிய கோயிலுக்குச் சுற்றிலும் பெரிய கல்மதில் இருந்தது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழும்பியபோது அந்த மதிலைப் பெயர்த்துத்தான் கல் எடுத்தார்கள். ஊர்மக்கள் தடுத்தார்கள், தடுத்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது, கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றோடு போனது என்று ஒரு பழைய குறிப்பு இருக்கிறது. நீலகண்ட சாஸ்திரி தம் சோழர் வரலாற்றில் அதை எடுத்துக்காட்டுகிறார். கோயில் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. மதில் கீழணை இருக்கும் அணைக்கரையில் தண்ணீருக்குள் நிற்கிறது. கும்பகோணத்திலிருந்து பேருந்தில் வந்தவர்கள் அதன் மேலேதான் கடந்து வந்தார்கள். அது எந்தக் கோயிலின் கல் என்று பயணிக்குச் சொல்ல அந்தக் கல்லில் ஒரு சொல் இல்லை.

அரண்மனை இருந்த மாளிகைமேட்டுக்கும் இதே கதிதான். தலைமுறை தலைமுறையாகச் செங்கல் பெயர்த்துப் போனார்கள், சுற்றுப்புற வீடுகளில் அது சுவராயிற்று. அதில் பத்திக்காரருக்கு வருத்தம் இல்லை. ஆளில்லாத அரண்மனையின் செங்கல் ஆளிருக்கும் வீட்டுக்குப் போவது நியாயந்தான். பக்கத்தில் செங்கமேட்டில் சிவப்பு மணற்கல்லில் பைரவரும் காளியும் இருக்கிறார்கள்; கலிங்கத்துப் போரில் வந்தவை. வேலைப்பாட்டையும் கல்லையும் வைத்து அறிஞர்கள் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜன் செய்தது வேறு. சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அழித்துவிட்டு அங்கிருந்து ஒரு துவாரபாலகரை எடுத்துவந்தான். எடுத்துவந்தவன் சும்மா நிறுத்தவில்லை; எந்த ஊரை அழித்து யார் கொண்டுவந்த சிலை என்று அதன் பீடத்தில் தமிழில் ஒரே வரியில் வெட்டிவைத்தான். தாராசுரம் கோயிலில் இருந்த அந்தச் சிலை இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கிறது. தொள்ளாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அதன் ஊர் எதுவென்று யாரும் தலையைச் சொறிய வேண்டியதில்லை. வென்றவனின் கர்வம்தான் அந்த வரி, சந்தேகமில்லை. ஆனாலும் தோற்ற ஊரின் பெயர் அதனால்தான் கல்லில் நிலைத்தது. பெரம்பலூர் சாத்தனூரில் கல்லாகிப்போன மரத்துக்கும் நிலவியல் துறையினர் பலகை வைத்திருக்கிறார்கள்: சுமார் 12 கோடி ஆண்டு, 18 மீட்டர் நீளம், கடல் இருந்த இடம் என்று. ஒரு மரம் கல்லானதற்கு இவ்வளவு விவரம் இருக்கும்போது ஒரு மரம் கதவானதற்கு ஒரு வரி இருக்கலாம்.

கதவை வாங்கிவிட்டார் பத்திக்காரர். இப்போது அது மேசை. தேய்த்துப் பளபளப்பாக்குவதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. உப்புத்தாள் முன்பக்கம் மட்டும், அதுவும் லேசாக. பின்புறத்து முந்திரி எண்ணெய்க் கறுப்பு அப்படியே அடியில் இருக்கிறது. பலகை ஒரே மட்டமாக இல்லாததால் மேலே கண்ணாடி போட வேண்டியிருந்தது. பழைய கதவை மேசையாக்குகிறவர்கள் ஆணியெல்லாம் பிடுங்கியாயிற்றா என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை காந்தத்தை ஓட்டிப் பார்க்கட்டும். உள்ளே ஒளிந்த ஒரு ஆணி இழைப்புளியின் வாயைப் பெயர்த்துவிடும், ஆசாரிக்கு அது ஒருநாள் கூலி. குடுமிகள் இரண்டும் மேசை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கின்றன. "இடிக்கும் தம்பி, அறுத்துடுறேன்" என்று ரம்பத்தை எடுத்தார் ஆசாரி. பத்திக்காரர் விடவில்லை. குடுமியை அறுத்தால் அது வெறும் பலகை. ஆசாரி சிரித்துக்கொண்டே கால்களை மட்டும் பொருத்தினார். முக்காலிக்கும் புதுக்கால் வந்துவிட்டது.

வேலை முடிந்ததும் ஆசாரி காதில் செருகியிருந்த தட்டைப் பென்சிலை எடுத்துக் கொடுத்தார். முக்காலியைக் கவிழ்த்து அதன் அடியில் பத்திக்காரர் எழுதினார்: வாகை, பெரம்பலூர், போகியன்று தீயிலிருந்து எடுத்தது. முக்காலியைப் போட்ட அம்மாவிடம் மறுபடி போய்க் கேட்டதில், அது அவருடைய மாமியார் பால் கறக்கும்போது உட்கார்ந்தது என்று தெரிந்தது. அதையும் எழுதினார். அந்த அம்மா இப்போது முக்காலியைத் திரும்பக் கேட்கிறார். பத்திக்காரர் கொடுக்கத்தான் போகிறார்.

மேசையின் அடியில் 'வாகை, செந்துறைப் பக்கம்' என்பதோடு நிற்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை கைபேசியில் படத்தை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்து ஊர்களில் கேட்டுப் பார்க்கப் போகிறார் பத்திக்காரர். அதற்குள் வாசகர்கள் யாருக்காவது அடையாளம் தெரியலாம். ஒற்றைக் கதவு, நடுச்சட்டத்தில் எட்டு இதழ்த் தாமரை, ஒரு இதழ் உடைந்தது. வலது ஓரத்தில் லாடம் அடித்துப் பிடுங்கிய நான்கு ஆணித்துளைகள். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், ஒரு சின்னப் பிள்ளை நின்றால் கை எட்டும் இடத்தில், ஆணியால் கீறிய ஒரு மாட்டு வண்டி; வண்டிக்குச் சக்கரம் இரண்டு, மாடு ஒன்றுதான். கீறியவருக்கு இப்போது ஐம்பதோ அறுபதோ வயது இருக்கலாம். அவர் கடுதாசி போட்டால் ஊர்ப்பெயர் எழுத மேசையின் அடியில் இடம் விட்டு வைத்திருக்கிறது.